தூல் ஸ்லெங்கிலிருந்து திரும்பிய பிறகு

அன்புள்ள சேகர்,

ஆனியில் நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மறுபடியும் பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறாள். பாலு வந்து போனான், அந்தக் குடையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

போன மாதம் பெரியவளோடு கம்போடியா போய் வந்தேன். அங்கோர் வாட்டைப் பற்றித் தனிக் கடிதம் எழுதுகிறேன். இப்போது சொல்ல வேண்டியது வேறு.

புனோம் பென் நகரில் தூல் ஸ்லெங் என்று ஓர் இடம். ஒரு காலத்தில் உயர்நிலைப் பள்ளி. மாடிக் கட்டடம், நீள வராந்தா, முற்றத்தில் உடற்பயிற்சிக் கம்பம். உள்ளே நுழைந்ததும் நம் பள்ளி ஞாபகம்தான் வந்தது. கெமர் ரூஜ் என்ற கம்போடியக் கம்யூனிஸ்டுகளின் ஆட்சி அதைச் சிறையாக்கியது. வகுப்பறைக்குள் செங்கல் வைத்து, ஒரு ஆள் முடங்கிக் கிடக்கும் அளவுக்கு அறை அறையாகத் தடுத்திருக்கிறார்கள். கைதிகள் குதித்துச் செத்துவிடக் கூடாது என்று வராந்தாவை முள்கம்பியால் மூடியிருக்கிறார்கள். பிள்ளைகள் தொங்கி விளையாடிய கம்பத்தில் மனிதர்களைத் தலைகீழாகக் கட்டியிருக்கிறார்கள். பத்தாயிரம் பேருக்கு மேல் அங்கே அடைபட்டார்கள். உயிரோடு வெளியே வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கொண்டுவந்ததும் ஒவ்வொருவரையும் படம் பிடித்திருக்கிறார்கள். அவை சுவரில் வரிசையாக இருக்கின்றன. ஒரு பெண், மடியில் கைக்குழந்தை.

அவள் முன்னால் நின்றபோது உன் குரல் கேட்டது, சேகர். 1971-இல் நம் படை வங்கதேசத்துக்குள் போன பேச்சு வரும்போதெல்லாம் டீக்கடை பெஞ்சைத் தட்டிக்கொண்டு கேட்பாயே, “அப்படியானால் யாருமே போகக் கூடாதா?” என்று. ஒரு நாட்டின் எல்லைக்குள் இன்னொரு நாட்டுக்கு வேலை இல்லை என்று நானும் விடாமல் சொல்வேன். நாற்பது வருடம் அதையே சொன்னேன்.

கெமர் ரூஜ் ஆட்சியைப் பிடித்த 1975 ஏப்ரலிலிருந்து நான்கு ஆண்டுக்குள் அந்தச் சின்ன தேசத்தில் பதினைந்து லட்சத்துக்கு மேல் செத்தார்கள். பட்டினி, நோய், வேலைக் கொடுமை, கொலை. எந்த வல்லரசும் தடுக்க வரவில்லை. வந்தது பக்கத்து வீடு. 1978 டிசம்பர் கடைசியில் வியட்நாம் படை எல்லையைத் தாண்டியது. ஜனவரி 7 அன்று புனோம் பென் விழுந்தது. இரக்கப்பட்டு வந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. கெமர் ரூஜ் எல்லை கடந்து வியட்நாம் கிராமங்களில் ஆயிரக்கணக்கானோரை வெட்டிப் போட்டிருந்தது. அவர்களுக்கு அவர்கள் கணக்கு. ஆனால் அந்தச் சிறைக்கதவு அதனால்தான் திறந்தது.

பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அடுத்த மாதமே வியட்நாமுக்குப் பாடம் கற்பிக்கிறோம் என்று சீனா படையெடுத்தது. செப்டம்பரில் ஐ.நா. பொதுச் சபையில், கம்போடியாவின் இருக்கை யாருக்கு என்று வாக்கெடுத்தார்கள். 71 நாடுகள் கெமர் ரூஜ் தலைவன் போல் பாட்டின் ஆட்களுக்கே என்றன, 35 எதிர்த்தன. அமெரிக்காவும் சீனாவும் அந்த 71-இல் இருந்தன. சொன்ன காரணம் என்ன தெரியுமா? என் வாக்கியம்தான். அயல்நாட்டுப் படை புகுந்து வைத்த அரசை ஏற்க முடியாதாம். 1969 முதல் 1973 வரை அதே மண்ணில் குண்டு மாரி பொழிந்த அமெரிக்காவும், கொலைகாரர்களுக்கு ஆயுதம் கொடுத்த சீனாவும் சேர்ந்து சொன்னார்கள். தலையிடுவது தவறு என்று வாக்களித்தவர்கள் ஏற்கெனவே கழுத்தளவு தலையிட்டிருந்தவர்கள். என் கொள்கை அவர்கள் கையில் இவ்வளவு வாகாக இருந்ததை நினைத்தால் எனக்குக் கூசுகிறது.

ஆகவே, நீ கேட்டதற்கு என் பதில்: போகலாம். கண்ணெதிரே ஒரு ஜனமே சாகும்போது போகத்தான் வேண்டும். எழுதிவிட்டேன், பத்திரமாக வைத்துக்கொள்.

ஆனால் முழுக்க உன் பக்கம் வந்துவிட்டேன் என்று குதிக்காதே. வியட்நாம் படை திரும்ப 1989 ஆனது. காப்பாற்ற வந்தவன் பத்து வருடம் கூடத்தில் உட்கார்ந்திருந்தால் வீட்டுக்காரன் என்ன நினைப்பான்? 2011-இல் லிபியாவில் மக்களைக் காக்க என்று ஐ.நா. தீர்மானம் போட்டார்கள், அந்நாட்டை ஆண்ட கடாபியின் உயிரோடு அந்த அக்கறையும் முடிந்தது, நாடு துண்டு துண்டாகக் கிடந்தது. 1971-ஐப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற நீ, 1987-இல் நம் படை யாழ்ப்பாணம் போனதைப் பற்றி என்னிடம் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. அமைதி காக்கப் போனவர்கள் சில மாதத்தில் அங்கேயே போரிட்டார்கள். அதை எந்தக் கணக்கில் வைக்கிறாய்? நான் மனம் மாறிய இடத்தைச் சொல்லிவிட்டேன், நீயும் மழுப்பாமல் சொல்.

போன் செய்யாதே, எழுது. போனில் நீ என்னைப் பேசவிட மாட்டாய். பொங்கல் கழிந்து ஊருக்கு வருகிறேன். தங்கச்சியை அந்த மாங்காய் ஊறுகாயை எடுத்துவைக்கச் சொல்.

அன்புடன்,
ராஜு