கண்ணில் தெரிந்த செம்பு வளையம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவத் தொடர்கள் பற்றிய உங்கள் கட்டுரையில், 'ஹவுஸ்' தொடரில் வருகிற நோயெல்லாம் கதைக்காக யோசித்தவை என்று ஒரு வரி இருந்தது. படித்ததும் சிரிப்புதான் வந்தது. அதில் ஒன்று எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு இருக்கிறது.

முதல் சீசன், ஆறாவது அத்தியாயம், 2004-ல் அமெரிக்காவில் ஒளிபரப்பானது. மனச்சிதைவு என்று முத்திரை குத்தப்பட்ட ஒரு தாய். கடைசியில் அவர் கண்ணில் செம்பு நிற வளையத்தைப் பார்த்து வில்சன் நோய் என்று கண்டுபிடிக்கிறார்கள். (தொடரின் நாயகன் டாக்டர் ஹவுஸின் நண்பர் பெயரும் வில்சன்தான். இதைச் சொல்லாமல் என் தம்பி அந்தத் தொடரைப் பார்க்க மாட்டான்.) மிஞ்சிய செம்பைக் கல்லீரல் பித்தநீர் வழியாக வெளியேற்ற வேண்டும். அதற்கான மரபணு பழுதானால் செம்பு கல்லீரலிலும் மூளையிலும் கண்ணிலும் படியும். ஏறக்குறைய 30,000 பேரில் ஒருவருக்கு வருகிறது.

தம்பிக்குப் பத்தாம் வகுப்பில் கையெழுத்து கோணியது. எச்சில் வழிந்தது, சட்சட்டென்று கோபம் வந்தது. பரீட்சை பயம் என்றார்கள். ஒன்றரை வருடம் மனநல மாத்திரை சாப்பிட்டான். கண்ணாடி போடப் போன இடத்தில், கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்பில் பார்த்த கண் டாக்டர்தான் வளையத்தைக் கவனித்தார்.

பெரிய மருத்துவமனைக்குப் போனதும் முதலில் கேட்டது, "கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?" பெற்றோர் இருவரிடமும் பழுதான மரபணு ஒன்று இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பாம். எங்கள் அப்பா அம்மாவின் சொந்தத் தாய்மாமன் வேறு. எனக்கோ ஒரு தொந்தரவும் கிடையாது. ஆனால் ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதம் குறைவு, 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு அதிகம். அன்றிலிருந்து எனக்கு, உணவிலிருந்து செம்பு உடம்பில் சேராமல் தடுக்க, வெறும் வயிற்றில் துத்தநாக மாத்திரை, குமட்டக் குமட்ட. தம்பிக்கு, சேர்ந்த செம்பைச் சிறுநீரில் வெளியேற்றும் பெனிசிலமைன். ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாது. 1912-ல் வில்சன் என்ற நரம்பியல் மருத்துவர் இந்த நோயை விவரித்து எழுதியபோது இதற்கு மருந்தே இல்லை. கையெழுத்து முழுசாகத் திரும்பவில்லை என்றாலும் தம்பி இப்போது வேலைக்குப் போகிறான்.

இந்த நோயைப் பற்றி மறுபடி எழுதினால், கூடப் பிறந்தவர்களுக்கும் பரிசோதனை வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள்.

போன மாதம் ஒரு கிரகப்பிரவேசத்தில், உடம்புக்கு நல்லது என்று தாம்பூலப் பையோடு ஆளுக்கொரு செம்புத் தண்ணீர் பாட்டில் தந்தார்கள். நாங்கள் இருவரும் மரியாதையாக வாங்கி வந்து, பூச்சாடியாக்கி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை