கயிறு கட்டிவிடும் அண்ணன்மாருக்கு

அன்புள்ள தம்பிகளே,

உங்களில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

போன வாரம் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு பையனுடைய நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் சாயக் கறை. கூப்பிட்டுப் பார்த்தால், மணிக்கட்டில் புதுச் சாதிக் கயிறு. வியர்வையில் நனைந்து சாயம் விட்டிருக்கிறது. என்ன நிறம் என்று எழுதப் போவதில்லை. இத்தனை வருஷத்தில் எல்லா நிறத்தையும் பார்த்துவிட்டேன்.

“யாருடா கட்டினது?”

“கோயில் கொடைக்கு அண்ணன் கட்டிவிட்டாவ சார்.”

“அவுத்துரலாமா?”

“ஏசுவாவ சார்.”

அந்தக் கயிற்றின் மேல் அவனுக்குப் பெரிய பிடிப்பு ஒன்றுமில்லை. பிடிப்பெல்லாம் உங்கள் மேல்தான். அப்பா வெளியூர் வேலையில் இருக்கிறார். கிணற்றில் நீச்சல் பழக்கியது நீங்கள், முதன்முதலாக பைக்கில் ஏற்றி டவுனுக்குக் கூட்டிப்போனது நீங்கள். முடிவெட்டு, நடை, பேச்சு எல்லாமே உங்களைப் பார்த்துத்தான். அதனால் “அந்தத் தெருப் பையனோட உனக்கு என்ன பேச்சு?” என்று நீங்கள் போகிற போக்கில் கேட்டது அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. ஜூனில் பள்ளி திறந்தபோது இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் வந்தார்கள். கொடை முடிந்ததிலிருந்து தனித்தனியாக வருகிறார்கள்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தன்னைத் தொல்லை செய்தவர்களைப் பற்றிப் பள்ளியில் சொன்ன பிளஸ் டூ மாணவனை, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அந்த மாணவன் மீண்டு வந்து 600-க்கு 469 மதிப்பெண் எடுத்தான். வெட்டிய பையன்களின் படிப்பு என்ன ஆனது? அந்த வயதில் அவர்களுக்கு இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது?

அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் வண்ணக் கயிறு கட்டக் கூடாது என்று 2024 ஜூனில் பரிந்துரைத்தது. சரி, நாங்களும் சொல்கிறோம். பள்ளி வாசலில் சட்டைக் கைக்குள் ஏற்றி மறைக்கிறார்கள், சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டுக்கொள்கிறார்கள். அங்கே நிற்பது நீங்கள்தானே.

எங்கள் மேலும் குறை உண்டு. ஆசிரியர் அறையிலேயே “அவன் நம்ம பையன்” என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நேராகவே சொல்லிவிட்டேன்.

அடுத்த கொடைக்கும் அவன் உங்கள் முன்னால் கையை நீட்டிக்கொண்டு நிற்பான். கட்டாதீர்கள். பிளெக்ஸில் கூலிங் கிளாஸோடு அவன் படத்தையும் போடாதீர்கள். கபடிக்குக் கூப்பிடுங்கள், கூடவே அந்தப் பழைய சைக்கிள் சிநேகிதனையும். நான் இருவரையும் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தேன், தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். நீங்கள் கூப்பிட்டால் ஓடி வருவார்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்