பழைய சைக்கிள் 12, பிள்ளைகள் 12: பட்டறைப் பள்ளிக்கு ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

அறந்தாங்கி வட்டாரத்தில் பள்ளியை விட்டு நின்றுவிட்ட பிள்ளைகளுக்கும், பத்தாம் வகுப்பில் கணக்கைக் கோட்டைவிட்டுத் துணைத் தேர்வுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு சைக்கிள் பட்டறைப் பள்ளி தொடங்கவிருக்கிறோம். 14 முதல் 18 வயதுவரை சேரலாம். வாசகசாலைப் பின்கட்டு ஓட்டுக் கொட்டகை வாடகையில்லாமல் கிடைத்திருக்கிறது. தொழில் தெரிந்த மெக்கானிக் ஒருவர் கற்றுத்தர ஒப்புக்கொண்டிருக்கிறார். பாக்கி இருப்பது கருவியும் உதிரியும் அவருக்கான கூலியும்தான். முதலாண்டுக்கு மொத்தம் 1,71,360 ரூபாய் வேண்டும்.

செய்து பழகும் படிப்பு நம் நாட்டுக்குப் புதிதில்லை. 1937-ல் வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியின் அடிப்படையே ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து மற்றதை அதன்வழி கற்பிப்பதுதான். மகாராஷ்டிரத்தில் புணே பக்கம் பாபல் கிராமத்தில் டாக்டர் கல்பாக் 1983-ல் தொடங்கிய விஞ்ஞான் ஆசிரமம், படிப்பை விட்ட பிள்ளைகளுக்கு வெல்டிங், மின்வேலை, விவசாயம் என்று ஊருக்குத் தேவையான வேலைகளைச் செய்யவைத்தே சொல்லிக்கொடுக்கிறது. நமக்கு அவ்வளவு பெரிய இடமும் இல்லை, பணமும் இல்லை. ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதை முழுசாகக் கற்றுத்தர முடியும். அதற்குச் சைக்கிளைவிடத் தோதானது வேறில்லை. எல்லாப் பாகமும் கண்ணுக்குத் தெரியும். தப்பாக மாட்டினால் நஷ்டம் பெரும்பாலும் பத்து இருபது ரூபாய்க்குள் போய்விடும். மோட்டார் காயில் கட்டுவதில் ஒரு தப்பு என்றால் மொத்தமும் புகைந்துவிடும். செய்தது சரியா தப்பா என்பதை அரை மணி நேரத்தில் வண்டியே சொல்லிவிடும். மார்க் போட ஆள் வேண்டியதில்லை. வகுப்பில் எதற்கெடுத்தாலும் திட்டு வாங்கிய பிள்ளைக்கு இது பெரிய விஷயம்.

ஒரு அணிக்கு 12 பேர். இருவருக்கு ஒரு ஸ்டாண்ட். சனி, ஞாயிறு காலையில் மூன்று மணி நேரம் வீதம் 12 வாரம். ஆளுக்கு ஒரு பழைய சைக்கிளைக் கொடுத்து, முழு ஓவராயிலிங் (பிரித்துத் துடைத்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி பூட்டுவது) செய்யவைத்து, முடித்ததும் அதை அவர்களிடமே கொடுத்துவிடுவோம். யாருக்கோ போகப்போகிற வண்டி என்றால் பிரேக் ரப்பர் பாதி கடித்தாலே போதும் என்று விட்டுவிடுவார்கள். மறுநாள் தானே அதில் ஏறிப் பள்ளமும் மேடும் ஓட்டப்போகிறோம் என்றால் விடமாட்டார்கள்.

முதல் இரண்டு வாரமும் பஞ்சர் மட்டும்தான். எளிது என்று நினைப்பதில்தான் அதிகம் கெடுகிறது. ஓட்டையைச் சுற்றி உப்புத்தாள் தேய்த்துப் பளபளப்பு போகவேண்டும். சொல்யூஷன் பசையை மெல்லிசாகத் தடவி, ஈரம் போய்த் தொட்டால் லேசாக ஒட்டும் பதம் வரும்வரை பொறுக்க வேண்டும். பொறுமையில்லாமல் ஈரத்தோடு ஒட்டினால் அன்றைக்கு நிற்கும், மறுநாள் ஓரம் கிளம்பும். அதைவிட முக்கியம், டயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பார்ப்பது. நம் பக்கம் சீமைக்கருவேல முள் முனை ஒடிந்து டயருக்குள்ளேயே நிற்கும். அதை எடுக்காமல் டியூபை மட்டும் ஒட்டி மாட்டினால் தெருமுனை தாண்டுவதற்குள் மறுபடி பஞ்சர்.

அடுத்து வீல் அச்சு. சாதாரணக் கறுப்புச் சைக்கிளில் முன்வீலுக்கு ஒரு பக்கம் 3/16 அங்குலப் பால்ஸ் (எஃகு உருண்டைகள்) 10, பின்வீலுக்கு ஒரு பக்கம் 1/4 அங்குலப் பால்ஸ் 9. பத்தைப் போட்டபின்னும் கொஞ்சம் இடம் இருப்பதுபோலத் தெரியும். அந்த இடைவெளி இருந்தாக வேண்டும். பதினொன்றாவதைத் திணித்தால் பால்ஸ் ஒன்றோடொன்று உரசித் தேயும். பால்ஸ் உட்காரும் கிண்ணமான கப்பில் குழி விழுந்திருந்தால் புதுப் பால்ஸ் போட்டும் பிரயோசனமில்லை, கப்பையும் மாற்ற வேண்டும். அச்சில் திருகி பால்ஸை அழுத்திப் பிடிக்கும் கோனை இறுக்குவதுதான் இந்தப் பாடத்தின் உயிர். ஆட்டம் நிற்கும்வரை இறுக்கி, ஒரு பொட்டு பின்வாங்கி, லாக் நட்டைப் போட வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது கோனும் கூடவே திரும்பி மறுபடி பிடித்துக்கொள்ளும் என்பதால் கோனை ஒரு தட்டை ஸ்பேனரால் பிடித்தபடியே செய்ய வேண்டும். சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சோதனை ஒன்று உண்டு: வீலைத் தரையில் படாமல் தூக்கி, வால்வை மூன்று மணி நிலையில் நிறுத்திக் கையை எடுங்கள். அந்தச் சின்ன வால்வின் கனத்திலேயே வீல் தானாகத் திரும்பி, கீழே வந்து, இரண்டு மூன்று முறை ஊஞ்சலாடி நிற்க வேண்டும். நடுவில் முரண்டினால் கோன் இறுக்கம்.

பின்வீல் பல்சக்கரமான பிரீவீலுக்குக் கிரீஸ் கூடாது, மெல்லிய எண்ணெய்தான். கிரீஸ் கெட்டியாகி உள்ளே இருக்கும் கவ்வுகள் ஒட்டிக்கொண்டால் பெடல் வெறுமனே சுற்றும். இடது பெடலுக்கு மரை தலைகீழ். தெரியாமல் நெம்பினால் பெடலை மாட்டும் கையான கிராங்கின் மரையே போய்விடும். கிராங்கை அச்சோடு பூட்டும் காட்டர் பின்கள் இரண்டையும் எதிரெதிர்த் திசையில் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பெடலும் ஒரே நேர்கோட்டில் நிற்காது. அடிக்கும்போது கிராங்கின் அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுக்கவில்லை என்றால் அந்த அடி முழுவதும் பால்ஸுக்குப் போய் உள்ளே கப்பில் தடம் விழும்.

கடைசி மூன்று வாரம் வீல் பெண்டு எடுப்பது, அதாவது கோணலை நிமிர்த்துவது. முன்வீலில் 32 கம்பி, பின்வீலில் 40. கம்பியை ரிம்மில் பிடிக்கும் நிப்பிளை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பக்கூடாது. அவசரப்பட்டு ஒரே கம்பியில் இழுத்தால் பக்கவாட்டுப் பெண்டு போய் வீல் முட்டை வடிவமாகிவிடும்; ராடு பிரேக் ரிம்மின் உள்பக்கத்தில் பிடிப்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் பிரேக் இடிக்கும். துருப்பிடித்த நிப்பிளுக்கு முந்தின நாளே மண்ணெண்ணெய் விட்டு வைக்க வேண்டும்.

கணக்குப் பாடமும் இங்கேயேதான். பெரிய பல்சக்கரத்தில் 44 பல், பிரீவீலில் 18 பல் என்று பிள்ளைகளே எண்ணி எழுதுவார்கள். 44-ஐ 18-ஆல் வகுத்தால் சுமார் 2.44. டயரில் சுண்ணாம்புக் கோடு போட்டுத் தரையில் ஒரு சுற்று உருட்டி டேப்பால் அளந்தால் ஏறக்குறைய 2.2 மீட்டர். ஒரு பெடல் சுற்றுக்கு 5.4 மீட்டர் வரும். பிறகு ஒரு சுற்று மிதித்து அளந்து பார்ப்பார்கள். விகிதம் என்ற பாடம் துணைத் தேர்விலும் வரும். ஐ.டி.ஐ. பிட்டர் பிரிவுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்பதால் தேர்வெழுதும் பிள்ளைகளுக்கு ஞாயிறு மதியம் தனியாகக் கணக்கு வகுப்பும் உண்டு. எல்லாரையும் சைக்கிள் மெக்கானிக் ஆக்குவது எங்கள் நோக்கமில்லை. வேலை வாங்கித் தருவதாக வாக்குக் கொடுக்கவும் மாட்டோம்.

இடத்தில் சரிபாதி பெண் பிள்ளைகளுக்கு. 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து புதுக்கோட்டை மாவட்டப் பெண்கள் ஊர் ஊராகச் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். அந்தப் பெண்களின் பேத்தி காலத்திலும் செயின் கழன்றால் அண்ணனைக் கூப்பிட வேண்டியிருந்தால் எப்படி?

வெல்டிங்கும் கிரைண்டரும் பட்டறையில் இருக்காது. பிரேமில் வெடிப்பு இருந்தால் வெளியே கொடுத்துத்தான் ஒட்டுவோம்.

இனி செலவு. ஒருமுறை வாங்கும் கருவிகள்: ஸ்டாண்ட் ஆறு, உள்ளூர் லேத்தில் செய்தால் 10,800 ரூபாய். கோன் ஸ்பேனரோடு ஸ்பேனர் செட் ஆறு 8,400. பெண்டு எடுக்கும் ஸ்டாண்ட் இரண்டு 5,000. பிரீவீல் கழற்றி, செயின் கட்டர், நிப்பிள் சாவி, டயர் லீவர், சுத்தியல் சேர்ந்த ஆறு செட் 5,400. வைஸ் இரண்டு 4,600. பம்பு இரண்டு 1,800. ஆக 36,000.

ஒரு சைக்கிளுக்கு டயர், டியூப், செயின், பால்ஸ், கிரீஸ், பிரேக் ரப்பர், காட்டர் பின், கம்பி, பெயிண்ட் எல்லாம் சேர்த்து 1,800. பன்னிரண்டுக்கு 21,600. மெக்கானிக் கூலி நாளுக்கு 700 வீதம் 24 நாளுக்கு 16,800. டீயும் சுண்டலும் 14 பேருக்குத் தலைக்கு 20 ரூபாய் வீதம் 6,720. ஒரு அணிக்கு 45,120. ஆண்டுக்கு மூன்று அணி.

இதில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். ஸ்பேனர் செட் வாங்கித் தர ஆள் கிடைத்துவிடும். மாலை போட்டு போட்டோ எடுக்கலாம். இதுபோன்ற பட்டறைகள் படுப்பது பால்ஸ், கிரீஸ், பேட்ச் தீர்ந்துபோகும்போதும், திறந்த சொல்யூஷன் டியூப் காய்ந்துபோகும்போதும், மெக்கானிக்கின் கூலி இரண்டு வாரம் பாக்கி விழும்போதும்தான். ஆகவே “எதற்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்” என்று தரும் 1,800 ரூபாய், பெயர் பொறித்த ஸ்டாண்டைவிட எங்களுக்குப் பெரிது. பெயர்ப்பலகை வைப்பதாக இல்லை.

பணம் முடியாதவர்கள் பழைய சைக்கிள் தரலாம். பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்து, பிள்ளை கல்லூரிக்குப் போனபின் மாட்டுக்கொட்டகையில் சாத்திக் கிடக்கிற வண்டிதான் எங்களுக்கு உத்தமம். டயர் மக்கியிருக்கலாம், செயின் துருப்பிடித்திருக்கலாம், கவலையில்லை. முன்போர்க் பின்னால் வளைந்ததும், பிரேம் மூட்டில் வெடித்ததும், ரிம்மில் கம்பித் துளை ஓரம் அரித்துப்போனதும் வேண்டாம். டிஸ்க் பிரேக், 21 கியர் வண்டிகளும் வேண்டாம். அவற்றுக்கான உதிரி இங்கே எளிதில் கிடைப்பதில்லை. வண்டி உங்களுடையதுதான் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள். பின்னால் யாரும் பிள்ளைகளைச் சந்தேகமாகக் கேட்டுவிடக்கூடாது.

குழுவுக்கு 80ஜி சான்று இல்லை, வரிச்சலுகை கிடைக்காது. வெளிநாட்டுப் பணம் வாங்கும் பதிவும் இல்லை. ஆகவே சிங்கப்பூர், மலேசியாவில் குடியுரிமை வாங்கிவிட்ட சொந்தங்களிடம் நாங்கள் பணம் வாங்க முடியாது, மனவருத்தம் வேண்டாம். இந்தியப் பாஸ்போர்ட்டோடு வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்ப்பவர்கள் தங்கள் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி மூலம் அனுப்பலாம்.

நேரில் தருவோர் மாலை ஐந்து மணிக்குமேல் வாசகசாலைக்கு வாருங்கள். எண்ணிட்ட ரசீது வாங்காமல் போக வேண்டாம். வரவு செலவு மாதந்தோறும் வாசகசாலை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். கருவிப் பணம் 36,000-மும் முதல் அணிக்கான 45,120-ம் கைக்கு வந்தபின்தான் பிள்ளைகளைச் சேர்ப்போம்.

இப்படிக்கு,
பட்டறைப் பள்ளிக் குழுவினர்