கடலை மட்டும் அளந்து முடிவெடுக்காதீர்கள்

மத்திய மின்சார ஆணையத்தில் மின்தொடர் பாதைகளைத் திட்டமிடும் அதிகாரிகளுக்கு, வணக்கம்.

துணைமின் நிலையங்களில் ஷிப்டு பார்த்து ஓய்வு பெற்று, இப்போது பாலக்கோடு பக்கம் தக்காளி பயிரிடும் ஒருவன் எழுதும் மடல் இது. மன்னார் வளைகுடாவில் அமையவிருக்கும் காற்றாலைகளின் மின்சாரத்தை ஏசியாக (திசை மாறி மாறி ஓடும் மின்னோட்டம்) கொண்டுவருவதா, டிசியாக (ஒரே திசையில் ஓடுவது) கொண்டுவருவதா என்று பேச, கடலே இல்லாத தருமபுரிக்காரனுக்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். என் வயலில் 400 கிலோவோல்ட் கோபுரம் ஒன்று நான்கு கால்களையும் ஊன்றி நிற்கிறது. தூறல் விழும் இரவுகளில் அதன் கம்பிகள் சீறுவது திண்ணை வரை கேட்கும். அந்தப் பாதைக்காக வெட்டிய தென்னைகளுக்கு விலை போட்டவர்கள், அவை இன்னும் எத்தனை ஆண்டு காய்த்திருக்கும் என்று கேட்கவே இல்லை.

2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்த கடல் காற்றாலைத் திட்டத்தில் தமிழகக் கடலுக்கு 500 மெகாவாட் ஒதுக்கப்பட்டது. கரைக்கு அருகில் அமையும் அந்த அளவுக்கு 220 கிலோவோல்ட் ஏசி கேபிளே போதும். அங்கே டிசி கேட்பது வீண் செலவு. ஆனால் கேபிள் என்பது நீண்டதொரு கெப்பாசிட்டர், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் கலம். ஏசி அதை நொடிக்கு நூறு முறை நிரப்பிக் காலி செய்வதால், தூரம் கூடக் கூடக் கேபிளின் கொள்ளளவை அந்த மின்னோட்டமே விழுங்கிவிடுகிறது. இங்கிலாந்தின் 1,218 மெகாவாட் ‘ஹார்ன்சீ-1’ காற்றாலைக்கு, கரையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தொலைவில் இருந்தும் ஏசியையே தேர்ந்தெடுத்ததால், நடுக்கடலில் அந்த மின்னோட்டத்தை ஈடுகட்டும் ரியாக்டர் சுருள்களுக்கென்றே தனி மேடை கட்ட வேண்டியதாயிற்று. பொதுவாக 80, 100 கிலோமீட்டரைத் தாண்டினால் டிசி மலிவு என்பார்கள்.

இந்தத் தூரத்தை நீங்கள் கரையோடு நிறுத்தி அளக்கிறீர்கள் என்பதே என் குறை. கடல் காற்று பலமாக வீசும் ஆடி மாதத்தில்தான் ஆரல்வாய்மொழியிலும் முப்பந்தலிலும் நிலத்துக் காற்றாலைகள் முழுவேகத்தில் சுழல்கின்றன. தென்கோடியில் கொண்டுவந்து கொட்டும் மின்சாரத்தை அங்கேயே தீர்க்க முடியாது. அது ஓசூர்த் தொழிற்சாலைகள் வரை, நானூறு கிலோமீட்டருக்கு மேல் வந்தாக வேண்டும். இன்று 500 மெகாவாட் என்றாலும் நாளை அது ஆயிரக்கணக்கில் பெருகும்போது, 46 மீட்டர் அகலப் பாதைகள் ஒன்றன்பின் ஒன்றாக எங்கள் நிலங்களின் மேல்தான் விழும்.

டிசி நமக்குப் புதிதல்ல. ஒடிசாவின் தால்ச்சேரிலிருந்து எங்கள் எல்லைக்கு அப்பாலுள்ள கோலாருக்கு அது 2003 முதல் வந்துகொண்டிருக்கிறது. புகளூரிலிருந்து திருச்சூருக்குச் செல்லும் 320 கிலோவோல்ட், 2,000 மெகாவாட் டிசி தடம் கேரளத்துக்குள் ஒரு பகுதியை நிலத்தடிக் கேபிளாகவே கடக்கிறது. 400 கிலோவோல்ட் ஏசியை அத்தனை தூரம் மண்ணுக்குள் கொண்டுசெல்வது பெரும்பாடு. கடலில் ஏசியைத் தடுக்கும் அதே கெப்பாசிட்டர் குணம் இங்கும் தடுக்கும். டிசிக்கு அந்தத் தொல்லை இல்லை. கன்னியாகுமரியிலிருந்து மதுரை, சேலம், தருமபுரி வழியாக ஓசூர் வரை 44ஆம் தேசிய நெடுஞ்சாலை ஏற்கெனவே கிடக்கிறது. அதன் ஓரமாகவே டிசி கேபிளைக் கொண்டுவரலாமே.

இருமுனைகளிலும் ஏசியை டிசியாகவும் டிசியை ஏசியாகவும் மாற்றும் நிலையங்களுக்குப் பெரும் பணம் ஆகும் என்பதையும், நிலத்தடிக் கேபிள் கோபுரப் பாதையைவிடப் பல மடங்கு விலை என்பதையும் அறிவேன். ஆகவே முழுத் தடத்தையும் புதைக்கக் கேட்கவில்லை. பாசன நிலங்களையும் ஊர்களையும் ஒட்டிய பகுதிகளில் சாலையோரமாகக் கேபிள் பதியுங்கள். தொப்பூர் கணவாய் போன்ற இடங்களில் பாறையைக் குடைவது முடியாதென்றால் அங்கே கோபுரம் நிற்கட்டும். மத்திய மின் அமைச்சகத்தின் 2024 வழிகாட்டுதலின்படி கோபுர அடிநிலத்துக்கு நில மதிப்பில் 200 சதவீதம் தர வேண்டியிருப்பதையும் சேர்த்து ஏசி கோபுரப் பாதை, டிசி தடம் என்ற இரண்டு தேர்வுகளின் செலவையும் கணக்கிட்டு, நில அளவையாளர்கள் எங்கள் வரப்பில் கல் நடுவதற்கு முன்பே அந்தக் கணக்கைத் தமிழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்வாரியப் பணியாளன்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.