நூலகச் செய்திக்கும் நாளிதழில் ஓர் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வேலூர் பதிப்பில் வெளியாகும் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியை நாள் தவறாமல் படிப்பவன் நான். கும்பாபிஷேகம், மின் நிறுத்தம், கண் சிகிச்சை முகாம் என எல்லாவற்றுக்கும் இடம் கிடைக்கும் அந்தப் பகுதியில், சிற்றூர்க் கிளை நூலகங்களில் நடப்பவை பற்றி ஒரு வரியைக்கூட நான் கண்டதில்லை. குறை தங்களுடையது அன்று. நூலகத்திலிருந்து செய்தி வெளியே வருவதே இல்லை.

குடியாத்தம் வட்டத்தில் உள்ள எங்கள் ஊர் நூலகத்தில் சென்ற மே மாதம் சிறுவர்களுக்குக் கதை சொல்லும் நிகழ்ச்சி ஒன்று நடந்தது. அதற்கான அறிவிப்பை ஒரு நோட்டுத் தாளில் எழுதி, நாளிதழ் மேசைக்குப் பின்னால், அங்கே உட்கார்ந்து படிப்பவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தால்தான் தெரியும் சுவரில் ஒட்டியிருந்தார்கள். தேதியோ வைகாசி முதல் நாள். கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்காகச் சுற்றுவட்டாரமே குடியாத்தத்தில் திரளும் அன்று எந்தப் பிள்ளை நூலகத்துக்கு வரும்? விரித்திருந்த இரண்டு பாய்களில் மூன்று பிள்ளைகள்தான் இருந்தனர். அவர்களில் ஒருத்தி காய்ச்சலால் திருவிழாவுக்குப் போக முடியாத என் பேத்தி. கதை சொல்ல வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை முகம் சுளிக்காமல், மூவரையும் அருகில் அழைத்து உட்காரவைத்து, யானைக்கு ஒரு குரல், எறும்புக்கு ஒரு குரல் என்று ஒரு மணி நேரம் கதை சொன்னார். மறுநாள் இதைக் கேள்விப்பட்ட எங்கள் தெருப் பெண்கள், வீட்டில் பீடி சுற்றுபவர்கள், "ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடுத்த நாளைக்கு மாற்றி வைக்கச் சொல்லியிருப்போமே, ஐயா" என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டார்கள்.

அவர்கள் கேட்டது நியாயமே. 1948இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டத்தின்படி, நூலகத்தை நடத்தும் செலவில் ஒரு பங்கை ஊர் மக்களே நூலக வரியாகச் செலுத்தி வருகிறோம்; இப்போது வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு. பணம் கொடுப்பவருக்கு, அங்கே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டாமா? அந்தச் சட்டத்துக்காக உழைத்த நூலகவியல் அறிஞர் சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட, நூலகங்களுக்கான ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது. அதே ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டு சென்றிருக்கிறார்கள். அன்று நூலே வீதிக்கு வந்தது. இன்று அறிவிப்புத் தாள் வாசற்படியைத் தாண்ட மறுக்கிறது.

நூலகரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. கதவைத் திறப்பது, பெருக்குவது, நூல்களைப் பதிந்து கொடுப்பது, திரும்ப வாங்குவது எல்லாம் அவர் ஒருவரே. ஆகவே இந்த வேலையை வாசகர் வட்டத்தினர்தாம் ஏற்க வேண்டும். மாதத் தொடக்கத்தில் நிகழ்ச்சிப் பட்டியலைத் தங்கள் பகுதி நிருபரிடம் கொடுப்பதும், அதன் நகலை நியாயவிலைக் கடையிலும் பேருந்து நிறுத்தத் தேநீர்க் கடையிலும் ஒட்டுவதும் பெரிய செலவில்லை. பெண்கள் பீடிக் கட்டுகளை ஒப்படைத்துவிட்டுத் திரும்பும் மாலை நேரத்தில் நிகழ்ச்சியை வைத்தால் பிள்ளைகளுடன் அவர்களும் வருவார்கள்.

தாங்கள் செய்ய வேண்டியது, வாரம் ஒரு நாள், சனிக்கிழமையானால் நலம், நான்கு வரி இடம் ஒதுக்குவது மட்டுமே. நவம்பர் 14 முதல் 20 வரை நடைபெறும் தேசிய நூலக வாரத்திலிருந்து இதைத் தொடங்கலாம். எங்கள் நூலகத்தின் பட்டியலை நானே நிருபரிடம் நேரில் கொண்டுவந்து தருகிறேன், தேதிகளைப் பஞ்சாங்கத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு.

இப்படிக்கு,
கிளை நூலக உறுப்பினர் ஒருவர்,
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்.