முதல் கறை

அன்பு மகளுக்கு,

வரைய உட்காரும்போது மனதில் என்ன வைத்துக்கொண்டு ஆரம்பிப்பேன் என்று கேட்டிருந்தாய். ஒன்றும் இல்லை. திட்டம் போடாமல் ஓர் அடி எடுத்து வைக்காத நீ இதை நம்பப் போவதில்லை.

தாளை நன்றாக நனைத்துவிட்டு நீர்வண்ணத்தில் நீலத்தைத் தொட்டு வைப்பேன். அது தன் இஷ்டத்துக்கு ஓடும். ஈரத்தின் பளபளப்பு அடங்கும் நேரம் பார்த்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், நிறம் விலகி ஓடி, ஓரம் சுருண்ட பூ மாதிரி காய்ந்து நிற்கும். கல்லுப்பு தூவினால் வெளிறிய புள்ளிகள் விழும். முறையாகப் படித்தவர்கள் பலர் அந்தப் பூவைக் குறை என்பார்கள். எனக்குப் படமே அங்கேதான் தொடங்குகிறது. தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பேன். ஒரு மூக்கோ கொக்கின் கழுத்தோ தட்டுப்படும். அதைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

தாகூரும் ஓவியப் பள்ளியில் படித்தவர் இல்லை. கையெழுத்துப் பிரதியில் அடித்த வரிகளை ஒன்றோடொன்று இணைத்துப் பறவையும் மிருகமுமாக ஆக்குவார். அறுபதைத் தாண்டி அதுவே ஓவியமாக வளர்ந்து, 1930இல் பாரிஸில் கண்காட்சி வரை போனது. அவர் பின்னால் வரைந்த முகங்களைவிட அந்த அடித்தல் பக்கங்கள்தான் எனக்குப் பிடிக்கும்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு பூசுவது என்று நினைக்காதே. சிவப்பும் பச்சையும் ஈரத்தில் கலந்தால் சேறுதான் மிஞ்சும். ஒரு படத்துக்கு மூன்று நிறத்துக்கு மேல் எடுக்கமாட்டேன். அப்புறம், 'இன்னும் ஒரே ஒரு கோடு' என்று கை அரிக்கும் பார், அப்போதே தூரிகையைக் கழுவிவிடுவேன். இந்த விளையாட்டில் கஷ்டமான இடம் அதுதான்.

நீ வாங்கிய அக்ரிலிக் வண்ணப் பெட்டி இன்னும் பிரிக்கவே இல்லையாமே, அம்மா சொன்னாள். வகுப்பில் சேரட்டும், நல்ல கேன்வாஸ் வரட்டும் என்று காத்திருக்கிறாயா? இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் வாலிஸ் என்று ஒருவர். கடலில் வேலை பார்த்தவர். மனைவி இறந்த பிறகு, எழுபது வயதுவாக்கில் வரைய ஆரம்பித்தார். கிடைத்த அட்டைத்துண்டில் படகுக்கு அடிக்கும் பெயிண்டால் கப்பல் கப்பலாக வரைந்தார். அட்டை கோணலாக இருந்தால் படமும் அதற்கேற்ப வளைந்துகொடுக்கும்.

கூரியர் வந்த அட்டைப்பெட்டி ஒன்றாவது உன் வீட்டில் இருக்கும். கிழித்து எடுத்துப் பூசிப் பார்த்துப் போட்டோ அனுப்பு. என்ன படம் என்று மட்டும் எழுதாதே. எந்தப் பக்கம் மேலே என்பதை நானே முடிவு செய்துகொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா