தலைமைப் பண்பை வார்டில்தான் பழக வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நோயாளியின் வீட்டுச் சூழலையும் குடும்பச் சிக்கல்களையும் கவனிக்கும் மருத்துவ சமூகப் பணியில் நாளைய தலைவர்களை உருவாக்குவது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, பாடத்திட்டத்தை விரிவாக அலசிவிட்டு, மாணவர்கள் அதைப் பழகும் வார்டைப் பற்றி ஒரே வரியோடு நிறுத்திக்கொண்டது. அண்ணனுக்குத் துணையாகச் சேலத்தில் ஒரு மருத்துவமனையில் மூன்று வாரம் இருந்தவன் என்ற முறையில், அந்த வார்டைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

பக்கத்துக் கட்டிலில் சேர்வராயன் மலைக் கிராமத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார். சர்க்கரை நோயால் காலில் ஆறாத புண். நான்காம் நாளே, கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்குப் போவதாக அடம் பிடித்தார். கால் போய்விடும் என்று டாக்டர் எச்சரித்தும், நர்ஸ் அதட்டியும் அவர் மசியவில்லை. களப்பணிக்கு வந்திருந்த எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) மாணவிதான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "தாத்தா, வீட்டுல யாரு இருக்காங்க?" என்று கேட்டார். வீட்டில் இருந்தவை ஆறு ஆடுகள், பார்த்துக்கொள்ள ஆளில்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அந்தப் பக்கம் போய்வரும் ஊழியரின் எண்ணைத் தேடிப் பிடித்து, அவர் மூலம் அக்கம்பக்கத்தாரிடம் பேசி மாணவி ஆடுகளுக்கு வழி செய்த பிறகு, பெரியவர் தங்கச் சம்மதித்தார்.

இதை அந்த மாணவியிடம் பிறகு யாரும் விசாரிக்கவில்லை. அவருடைய வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டவர் அலுவலக எழுத்தர்; சமூகப் பணி படித்த அதிகாரி அங்கே ஒருவரும் இல்லை. மற்ற நேரமெல்லாம் காப்பீட்டுக்கான வருமானச் சான்றையும் குடும்ப அட்டை நகலையும் சரிபார்ப்பதே அவருக்கு வேலை. அதைக் குறைவாகச் சொல்லவில்லை. அந்தக் காகிதம் இல்லாமல் ஏழைக்குப் பல சிகிச்சைகள் எட்டாது. ஆனால் இரண்டாண்டுப் பட்டமேற்படிப்பின் களப்பணி அதோடு முடிந்துவிடலாமா? அவர் பயிற்சிக் காலம் முடிந்து கல்லூரிக்குத் திரும்பிய பின், கட்டு மாற்றுவதற்காக 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பெரியவர் இறங்கி வந்தாரா என்று கேட்கவும் ஆளில்லை.

நோயாளியின் வீட்டை அறியாமல் மருந்து எழுதிப் பயனில்லை என்று கண்டு, பாஸ்டன் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் டாக்டர் ரிச்சர்ட் கேபட் சமூகப் பணியாளரை நியமித்தது 1905இல். நம் நாட்டில் சர் ஜோசப் போர் (Bhore) தலைமையிலான சுகாதாரக் குழு 1946இலேயே இதை வலியுறுத்தியது. துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவ சமூகப் பணியாளரையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

பட்டியலில் பெயர் வந்தால் போதாது. மாணவர்கள் களப்பணிக்கு அனுப்பப்படும் ஒவ்வொரு மருத்துவமனையிலும், டிஸ்சார்ஜ் முடிவில் டாக்டரோடு அமர்ந்து பேசும் தகுதியுள்ள மூத்த சமூகப் பணியாளர் பதவி வேண்டும். அவர் மேற்பார்வையில் செய்வதை மட்டுமே பல்கலைக்கழகம் களப்பணியாக ஏற்க வேண்டும். அதில் ஒரு மாதமாவது மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கழிய வேண்டும். ஏசி அரங்கில் ஒரு நாள் பயிலரங்கு நடத்திச் சான்றிதழ் கொடுப்பதைத் தலைமைப் பயிற்சி என்று எண்ணும் கல்லூரிகளைப் பற்றியும் கட்டுரையாளர் அடுத்த முறை எழுதினால் மகிழ்வேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
கோரிமேடு, சேலம்.